கழித்தால் பிழைக்கும் கல்லீரல்

சின்ன நாய்களுக்கு ஈரல் நோய் வந்தால் டானிக்கைத் தேடி ஓடுகிறோம். தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்னதானத்துக்குப் பேர்போன திருவண்ணாமலையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் நான்கு சமாதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், ஜாக்கி என்ற நாய். ஆசிரமத்து நாய்களை ரமணர் ‘அது’ என்று சொன்னதில்லை; ‘அவன்’, ‘அவள்’ என்றே பேசுவார். அவற்றுக்குச் சாப்பாடு வைத்தாயிற்றா என்று விசாரிப்பார். ஜாக்கி நோயுற்றுக் கிடந்தபோது அவனைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டதை அடியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பைரவரின் வாகனத்துக்குச் சோறிடுவது புண்ணியம் என்று இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் சாம்பார் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கேசரியும் கை கையாக மாறிப் போகின்றன. மீந்தது தெருநாய்களுக்கு. பிரசாதப் பொட்டலத்தில் கொஞ்சம் வீட்டுக்கும் வருகிறது. வீட்டில் காத்திருக்கும் பொமரேனியனுக்கோ ஷிட்சூவுக்கோ பக்குக்கோ அதில் ஒரு பங்கு நிச்சயம். நாலு கிலோ எடையுள்ள நாயின் கல்லீரல் நூறு, நூற்றைம்பது கிராம் இருக்கும். ஒரு கைப்பிடி அளவுகூட இல்லாத அந்த உறுப்பிடம், எழுபது கிலோ மனிதர் தின்னும் நெய்யையும் எண்ணெயையும் மாத்திரையையும் கொடுத்துச் சமாளிக்கச் சொல்கிறோம்.

கல்லீரல் கெட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, “என்ன டானிக் கொடுக்கலாம் டாக்டர்?” என்பதுதான். “எதையெல்லாம் நிறுத்தணும்?” என்று கேட்பவர்கள் குறைவு. நாயைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான்.

சத்தம் போடாத உறுப்பு

நாய் தின்றதில் பெரும்பகுதி குடலில் செரித்து ரத்தத்தில் கலந்ததும் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. நஞ்சை முறிப்பது, புரதம் தயாரிப்பது, ரத்தம் உறைவதற்கான பொருள்களை உண்டாக்குவது, சர்க்கரையைச் சேமிப்பது, கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் சுரப்பது என்று அத்தனையும் அதன் வேலை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்புவதும் அதுதான்.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்புக்கு அசாத்தியமான தாங்கும் சக்தி உண்டு. ஆரோக்கியமான கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், மிச்சம் வளர்ந்து இழந்த வேலையை மீட்டுவிடும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி கெடும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. நாய் வாலாட்டும், பந்தைத் துரத்தும், தட்டைக் காலி செய்யும்.

கூர்ந்து பார்ப்பவர்களுக்குச் சில அறிகுறிகள் தென்படும். சாப்பாட்டில் ஆர்வம் குறைவது, அடிக்கடி வாந்தி, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, எடை இறங்குவது, வெளிறிய மலம், டீ நிறத்தில் சிறுநீர். கண் வெள்ளையும் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாவதும், வயிற்றில் நீர் கோத்து வீங்குவதும் நோய் முற்றிய நிலை. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாய் மயங்கியது போல நிற்பது, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது, எச்சில் ஒழுகுவது ஆகியவை அம்மோனியா மூளையை எட்டிவிட்டதற்கான அடையாளங்கள். இதைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

காரணம் தெரியாமல் மருந்து வேண்டாம்

‘லிவர் வீக்’ என்பது நோயின் பெயர் அல்ல. அதற்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

சின்ன இன நாய்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிறவிக் கோளாறு. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் ஒரு குறுக்கு ரத்தக்குழாய் வழியாக நேரே உடம்பில் கலந்துவிடும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்சூ, பக் போன்ற இனங்களில் இது அதிகம். குட்டி வளர்ச்சி குன்றி, சாப்பிட்டதும் தடுமாறும். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்துப் பித்த அமிலத்தைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கும், ஸ்கேனில் உறுதியாகும். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. உணவும் மருந்தும் அதுவரை நாயைத் தாங்கிப் பிடிப்பவை.

அடுத்தது நம் ஊரில் பரவலாக உள்ள உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கிருமி கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடும். பபீசியா ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அங்கே கோளாறு ரத்தத்தில், கல்லீரலில் அல்ல. மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக் காய்ச்சல், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே தாக்கும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும், நாய்களுக்கு வரும் தொற்றுக் கல்லீரல் அழற்சிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு டானிக் வாங்குவதில் பயனில்லை.

மூன்றாவது, நாமே கொடுக்கும் மருந்துகள். தோல் அரிப்புக்கு அடிக்கடி போடும் ஸ்டீராய்டு ஊசி, நாய்களில் ஏ.எல்.பி. என்ற நொதியை எக்கச்சக்கமாக உயர்த்தும், கல்லீரலும் வீங்கும். வலிப்புக்கு நெடுநாள் கொடுக்கும் பினோபார்பிட்டால் கல்லீரலைப் பாதிக்கலாம். காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலை நாய்க்கும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாலு கிலோ உடம்புக்கு ஒரு முழு மாத்திரை நஞ்சாகும் அளவு.

ஆகவே வேண்டியவை ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல் சோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். உள்ளூரில் எல்லாம் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து காலையில் கிளம்பினால் போய்வந்துவிடலாம்.

மல்லாட்டை மண் அறிய வேண்டிய பாடம்

திருவண்ணாமலை மாவட்டம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் மண். அது மனிதர்க்கு நல்ல உணவுதான். ஆனால் அறுவடையில் மழை பிடித்தாலோ, ஈரத்தோடு மூட்டை கட்டினாலோ அதில் ஒரு பூஞ்சை வளரும். அது சுரக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் சிக்கியது இந்த நஞ்சு. அது நேராகக் கல்லீரலைத்தான் குறிவைக்கும்.

நம் நாட்டில் 1974இன் கடைசியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டக் கிராமங்களில் திடீரென்று மஞ்சள் காமாலை பரவியது. 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளமே காரணம் என்று கண்டார்கள். அதே மக்காச்சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே காமாலையும் வயிற்று வீக்கமும் வந்திருந்தன. நாய்கள் நம் வீட்டுத் தானியத்தைத்தான் தின்கின்றன என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் உணவும் இதற்கு விலக்கல்ல. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய் உணவு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதில் கலந்திருந்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின். அதைத் தின்ற 110க்கும் மேற்பட்ட செல்லப் பிராணிகள் இறந்ததாக அடுத்த மாதம் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. எனவே கருத்த, சுருங்கிய, காறல் அடிக்கும் கடலையையும், புண்ணாக்கையும், நாள்பட்ட ரொட்டியையும், ‘மாட்டுக்குத்தானே, நாய்க்குத்தானே’ என்று ஒதுக்கும் பூஞ்சை பிடித்த தானியத்தையும் நாய்க்கு வைக்கக் கூடாது. மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் உதிரி நாய் உணவையும் வாங்காதீர்கள். அது எந்த மாதம் தயாரானது, எத்தனை நாள் காற்றுப்பட்டுக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சின்ன நாய்க்குச் சின்னப் பையாக வாங்கி, மூடி, ஈரம் படாமல் வைத்து, விரைவில் தீர்ப்பதே பாதுகாப்பு.

தட்டிலிருந்து எடுக்க வேண்டியவை

முதலில் ஈரல். நாய்க்கு ஈரல் கெட்டால் ஆட்டு ஈரல் வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆட்டு ஈரலிலும் மாட்டு ஈரலிலும் செம்பு மிக அதிகம். நோயுற்ற கல்லீரலால் செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்ற முடியாது. அது அங்கேயே தங்கி மேலும் அரிக்கும். பெட்லிங்டன் டெரியருக்கு இது பரம்பரை நோய். 2002இல் அதற்குக் காரணமான மரபணுவே கண்டறியப்பட்டது. லாப்ரடார், டால்மேஷன், வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர் இனங்களிலும் செம்பு சேரும். கல்லீரல் திசுவை எடுத்துச் சோதித்தால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை ஈரலும், நண்டு, இறால் போன்ற ஓடுடைய வகைகளும் வேண்டாம். செம்புக் குடத்தில் ஊறிய தண்ணீரை நாயின் கிண்ணத்தில் ஊற்றவும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் போதும்.

அடுத்தது எண்ணெயும் இனிப்பும். ஐந்து கிலோ நாய்க்கு நாள் முழுக்கத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 350 கலோரி. ஒரு மெதுவடையே அதில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். பித்தப்பையில் கோளாறோ கணைய அழற்சியோ இருக்கும் நாய்க்கு அந்த ஒரு வடை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு வினையாகலாம். சாம்பாரில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் நீர் கோத்த நாய்க்கு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்பை ஏற்றி நீரைக் கூட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் இன்னும் இரண்டு ஆபத்துகள் பலருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான சில இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் சேர்க்கிறார்கள். மனிதருக்குத் தீங்கற்ற அது நாயின் ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கி, கல்லீரலையே செயலிழக்கச் செய்யும். மற்றொன்று, வாசலில் அழகுக்கு வைக்கும் சைகஸ் தொட்டிச் செடி. அதன் விதை நாய்க்குக் கொடிய கல்லீரல் நஞ்சு. குட்டி நாய் இருக்கும் வீட்டில் அந்தத் தொட்டி வேண்டாம்.

தட்டில் வைக்க வேண்டியவை

கல்லீரல் நோய் என்றாலே கறியையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் ஊற்றுவது பழைய வழி. அது தவறு. சேதமான கல்லீரல் மீண்டும் வளரப் புரதம் வேண்டும். கஞ்சியில் காலம் தள்ளும் நாய் தன் தசையையே கரைத்துத் தின்னும். அம்மோனியா மூளையைத் தொட்ட நாய்களுக்கு மட்டும்தான் புரதத்தை மட்டுப்படுத்த வேண்டும். அவற்றுக்கும் நிறுத்தம் கிடையாது. வகை மாறும், அவ்வளவுதான். சிவப்பு இறைச்சியைவிட முட்டை, பனீர், தயிர், சோயா இவற்றின் புரதம் அத்தகைய நாய்களுக்கு ஒத்துப்போகிறது.

இந்த ஊரில் சைவ வீடுகள் ஏராளம். தயிர்சாதத்திலேயே வளரும் நாய்களும் ஏராளம். தயிர்சாதத்தின் தன்மை நல்லதுதான், அளவில்தான் குறை. கல்லீரல் நோயுள்ள நாய்க்கு எடையில் கிலோவுக்கு இரண்டு கிராமுக்குக் குறையாமல் புரதம் தினமும் போக வேண்டும். ஐந்து கிலோ நாய்க்குப் பத்து, பன்னிரண்டு கிராம். நூறு கிராம் சோற்றில் இரண்டரை, நூறு கிராம் தயிரில் மூன்று கிராம்தான் கிடைக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் பனீரில் பதினெட்டு. ஆகவே குழைய வேகவைத்த சோறு, உப்பில்லாத தயிர், அதோடு ஒரு வேகவைத்த முட்டை அல்லது ஒரு துண்டுப் பனீர், மசித்த பூசணிக்காய் என்று சேர்ந்தால்தான் அது சாப்பாடு. அசைவ வீடுகளில் தோல் நீக்கி, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி.

ஒருநாள் உணவை ஒரே வேளையில் கொட்டாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். கல்லீரலால் சர்க்கரையைச் சேமிக்க முடியாதபோது, சின்ன நாய்க்கு வெறும் வயிறே மயக்கத்தைத் தரும். இரவு படுக்கும் முன் ஒரு கை உணவு அவசியம். அதனால் ஏகாதசியும் பிரதோஷமும் உங்களுக்கு இருக்கட்டும், நாய்க்கு வேண்டாம்.

இந்த வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு குறை உண்டு. சோறு, முட்டை, கறி என்று மாதக்கணக்கில் போனால் கால்சியமும் துத்தநாகமும் வைட்டமின்களும் குறையும். வீட்டுச் சமையலையே நெடுநாள் தொடர நினைப்பவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டு, செம்பு சேராத தாதுக் கலவையைச் சேர்க்க வேண்டும். கல்லீரல் நோய்க்கென்றே செம்பைக் குறைத்து, துத்தநாகத்தைக் கூட்டித் தயாரிக்கும் உணவுகளும் மருத்துவர் பரிந்துரையில் கிடைக்கின்றன. விலை அதிகம் என்றாலும், தினமும் அளந்து சமைக்க முடியாதவர்களுக்கு அதுவே சரியான வழி.

கீழாநெல்லியும் மாத்திரைகளும்

காமாலை என்றதும் தமிழ்க் கை கீழாநெல்லியைத்தான் தேடும். இந்தச் செடியை உலகம் சும்மா விட்டுவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கும் உள்ளிட்ட குழு, 1988இல் லான்செட் இதழில் மனிதர்களிடம் நடத்திய சோதனையின் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே பலன் தெரியவில்லை. அதுவும் மனிதர்க்கு, ஒரு குறிப்பிட்ட வைரசுக்கு. உண்ணிக் காய்ச்சலால் காமாலை வந்த நாய்க்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் காத்திருந்தால், கெடுதல் செய்தது செடி அல்ல. போன அந்த ஒரு வாரம்.

1955இல் வந்த லிவ்.52 இன்று நாய்களுக்கான சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. மணத்தக்காளி, மருதம், காசினி போன்ற மூலிகைகள் சேர்ந்தது. துணை மருந்தாக மருத்துவர்கள் எழுதுகிறார்கள், தவறில்லை. காரணத்தை நீக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு. ஆயுர்வேத அரிஷ்டங்களில் இயல்பாகவே ஆல்கஹால் ஊறியிருக்கும். நாய்க்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கும் சிலிமரினுக்கு நாய்களிடமே சான்று உண்டு. கொடிய காளான் நஞ்சு கொடுக்கப்பட்ட பீகிள் நாய்களை அதன் முக்கியப் பொருளான சிலிபினின் காப்பாற்றியதை 1984இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே கொடுத்தது ஊசியாக. வெறும் மாத்திரையாகக் கொடுத்தால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், லெசித்தினோடு சேர்த்துத் தயாரித்ததை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மாத்திரை கல்லீரலின் நஞ்சு முறிக்கும் திறனைக் கூட்டுகிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன் வெறும் வயிற்றில், உடைக்காமல் கொடுத்தால்தான் பலன். பொடித்துச் சோற்றில் கலந்தால் காசு வீண்.

பித்தநீர் ஓட்டத்துக்கு எழுதப்படும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் மனிதர்க்கு 300 மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. நாலு கிலோ நாய்க்கு ஒருநாள் தேவை 40 முதல் 60 மில்லிகிராம். பித்தக்குழாய் அடைபட்டிருந்தால் அதுவும் கூடாது. முடி வளரவும் முகம் பளபளக்கவும் நாம் விழுங்கும் 400 யூனிட் அளவுள்ள வைட்டமின் ஈ காப்ஸ்யூல், அதே நாய்க்கு வேண்டியதைப் போல ஏறக்குறையப் பத்து மடங்கு. அம்மோனியா ஏறிய நாய்க்கு லாக்டுலோஸ் சிரப் உண்மையிலேயே உயிர் காக்கும். குடலில் அமிலத்தைக் கூட்டி அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். மலம் இளகும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். பேதியாகும் அளவுக்குக் கொடுத்தால் உடம்பு நீர் வற்றிவிடும். அந்த எல்லையைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

கிரிவலப் பாதையில் அன்னமிடும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் வெறுஞ்சோறும் தயிரும் எடுத்துவையுங்கள். முடிந்தால் முட்டையும் ஒரு வாளித் தண்ணீரும். வெங்காயமும் எண்ணெயும் கலந்த மீதம் அவற்றின் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

வீட்டில் சின்ன நாய் வளர்ப்பவர்கள், அதற்கு ஏழு வயது தாண்டியிருந்தால், ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போதே கல்லீரல் ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். நொதி உயர்ந்திருந்தால் பதற வேண்டாம்; காரணத்தைத் தேடி, சந்தேகப்படும் உணவையும் மருந்தையும் மருத்துவர் சொல்படி நிறுத்தி, நாலு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வலிப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அதற்கு முன் ஒரு வாரம், நாயின் உடம்புக்குள் போவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தாத்தா கொடுத்த பிஸ்கட், பிள்ளைகள் போட்ட சிப்ஸ், பக்கத்து வீட்டு அத்தை தந்த அதிரசம், காது வலிக்கு ஊற்றிய மருந்து, அரிப்புக்குப் போட்ட ஊசியின் தேதி, நாயின் எடை, எதையும் விடாதீர்கள். எழுதத் தொடங்கிய இரண்டாம் நாளே, எதைக் கழிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த நோட்டோடு மருத்துவர் முன் உட்காருங்கள். அவர் மருந்துச் சீட்டை எடுக்கும் முன்பே உங்கள் நாயின் சிகிச்சை தொடங்கியிருக்கும்.